செல்லத்தாயிக்கு வெள்ளிக்கிழமைதான் எண்ணெய்

சிம்மக்கல்லில் வண்டி ஆயிலும் பில்டரும் விற்கிற கடை என்னுடையது. பெயர் ஜுல்பிகர். எனக்குக் கோபம் அதிகம் என்று தெருவே சொல்லும். அதைப் போர்டிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள் என்கிறாள் என் மனைவி இஷ்ரத். கோபப்படாமல் வேறென்ன செய்ய? ஆயில் மாற்றிய மறுநாளே ஒருவன் வந்து நிற்பான். "அண்ணே, ஆயில் கன்னங்கரேல்னு ஆயிருச்சு, ஏமாத்திட்டீங்களே" என்பான். அட, டீசல் இன்ஜினில் ஆயில் கறுக்காமல் வெளுக்குமா? கரியை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதானே அதன் வேலை! இதையே விளக்கி விளக்கி என் தொண்டைத்தண்ணீர் வற்றிவிட்டது.

என்னிடம் திட்டும் வாங்கி, திருப்பியும் கொடுத்துவிட்டுப் போகிற ஒரே வாடிக்கையாளர் நாகஜோதி. பழங்காநத்தத்துக்காரி. பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருக்கிறாள். காலையில் டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய் செக்கானூரணிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் விடுவாள், சாயங்காலம் கூட்டி வருவாள். வேன் வாங்கும்போது மாமியார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாராம். அதனால் வேனுக்கு மாமியார் பெயர்: செல்லத்தாயி. "பேரு வச்சதுல ஒரு வசதிண்ணே. மாமியார திட்டணும்னு தோணுனா வண்டிய திட்டிக்கிறலாம்" என்பாள்.

வேன் ஓட்டுவதற்கு முன்னால் அவள் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போடுகிற வேலை பார்த்தாள். காலையில் நின்றால் கடை அடைக்கிறவரைக்கும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் முறைப்பாராம். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுவாளாம். "எந்த வேலைக்குப் போனா மொத வேலையா உக்காரச் சொல்லுவாங்கன்னு யோசிச்சுப் பாத்தேண்ணே. டிரைவர் வேலைதான்!" என்று அவள் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் கடைக்கு வந்த முதல் நாளே சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வர்றவுக உக்கார ஒரு ஸ்டூல் போடக்கூடாதாண்ணே?" என்று கேட்டாள்.

"இது என்ன டீக்கடையா?" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் சண்டை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று அன்றே கேட்டாள். "வண்டியோட வந்த புத்தகத்துல பத்தாயிரம்னு போட்டிருப்பான். அது நீட்டுக்க ரோட்டுல ஓடுற வண்டிக்கு. நீ சந்துக்குச் சந்து நின்னு ஆளேத்துற. டீச்சர் கொண்டை போட்டு முடிக்கிறவரைக்கும் இன்ஜின ஓடவிட்டுக்கிட்டு நிக்கிற. அப்பல்லாம் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் உழைச்சுக்கிட்டு இருக்கும். ஏழாயிரத்து ஐநூறத் தாண்டவிடாத" என்றேன்.

"சரிண்ணே. அதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமை மாத்திர்றேன்."

"அதென்ன வெள்ளிக்கிழமை?"

"பொம்பளைப் பிள்ளைக்கு செவ்வா வெள்ளிதானண்ணே எண்ணெய் தேச்சுவிடுவோம்? புதனும் சனியும் ஆம்பளைகளுக்கு. செவ்வாக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு. அதான் வெள்ளி."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அதோடு விட்டாளா? ஆயில் மாற்றிய அன்று வெளிச் சவாரி எதற்கும் போகமாட்டாள். எண்ணெய் தேய்த்த உடம்பு வெயிலில் அலையக்கூடாதாம்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையை முன்கூட்டியே பிடித்துவிடுவதால் அவள் கெடு தாண்டியதே இல்லை. என் வாடிக்கையாளர்களில் இப்படி இன்னொரு ஆளை நான் பார்க்கவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நான் கடையைச் சாத்திவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவேன். அவளுக்கோ காலைச் சவாரிக்கும் சாயங்காலச் சவாரிக்கும் நடுவில் அந்த மதியம்தான் ஓய்வு. அதனால் வியாழக்கிழமையே வந்து ஆயிலும் பில்டரும் வாங்கிப் போய், மறுநாள் தானே மாற்றிக்கொள்வாள்.

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வேன் இல்லாமல், முகம் செத்துப்போய் வந்தாள்.

"செல்லத்தாயி காலையில எந்திரிக்கும்போது கத்துறாண்ணே. சாவியப் போட்டதும் கடகடகடன்னு ஒரு சத்தம். ஆயில் லைட்டு செவப்பா நின்னு நிதானமாத்தான் அணையுது. கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிருது. மெக்கானிக் அருள்பாண்டி சத்தத்தக் கேட்டுட்டு, பேரிங் போயிருச்சு, இன்ஜின எறக்கணும்ங்குறாரு."

"டீச்சருங்க என்ன சொல்றாக?"

"ஸ்யாமளா டீச்சர்தான் எல்லாருக்கும் பேசுவாங்க. நல்லவங்கதான். ஆனா வழியில வண்டி நின்னா எங்க அட்டெண்டன்சுக்கு யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. நாளைக்கு ஒருநாள் பாப்பாங்களாம். அப்பவும் சத்தம் வந்தா பேயாண்டி அண்ணன் வேனுக்கு மாறிருவாங்களாம். அவரையும் நாளைக்குக் காலையில வரச் சொல்லியாச்சு." கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "டீச்சருங்க போயிட்டா வேன வச்சிருக்க முடியாதுண்ணே. மறுபடியும் ஜவுளிக்கடையிலதான் போயி நிக்கணும்."

அந்த 'நிக்கணும்' என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பொறுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு, ஒரு பில்டரையும் ஒரு கேன் ஆயிலையும் எடுத்துக்கொண்டு பைக்கில் அவள் பின்னாலேயே போனேன்.

பழங்காநத்தத்தில் அவள் வீட்டு முன்னால் செல்லத்தாயி நின்றிருந்தாள். சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் அடியில் படுத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பில்டர்! என் கடையில் ஆரஞ்சு நிற பில்டரே கிடையாது.

"யா அல்லாஹ்! இது யாரு குடுத்தது?"

நாகஜோதி தரையைப் பார்த்தாள். "போன தடவை வியாழக்கிழமை வர மறந்துட்டேண்ணே. வெள்ளிக்கிழமை மதியம் வந்தா நீங்க தொழுகப் போயிட்டீங்க. வேற ஒரு கடையில கேட்டேன். திருகு கச்சிதமா ஏறுச்சு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

"திட்டாம, தூக்கி வச்சுக் கொஞ்சுவாகளா? திருகு ஏறிட்டா போதுமா? உள்ள ஒரு ரப்பர் மடிப்பு இருக்கணும். இன்ஜின் நின்னதும் ஆயில் கீழ வடிஞ்சுபோகாம அது பிடிச்சு வச்சுக்கிரும். இதுல அது இருக்காது, எழுதிக் குடுக்குறேன். ராத்திரிபூரா வடிஞ்சு, காலையில வறண்ட தொண்டையோட எந்திரிக்கிறா. பின்ன கத்தமாட்டாளா? பேரிங்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கொண்டா ஸ்பேனர, இப்பவே மாத்துவோம்."

அவள் நகரவில்லை. "இன்னைக்குப் புதன்கிழமைண்ணே."

எனக்கு வந்ததே கோபம்! "நாளைக்கு உன் பொழப்பே போகப்போகுது, நீ கிழமை பாத்துக்கிட்டு நிக்கிறியா? இன்னைக்கு ஒருநா இத ஆம்பள வண்டின்னு நெனச்சுக்க!"

"எங்க மாமியார் பேருண்ணே. காதுல விழுந்தா என்னைய வகுந்துருவாங்க."

"ஆயில எறக்கச் சொன்னேனா உன்னைய? பழைய பில்டரக் கழட்டிட்டு இத மாட்டப்போறோம். சிந்துற ஆயிலுக்கு ஈடாக் கொஞ்சம் ஊத்தப்போறோம். அம்புட்டுத்தான். தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிவிடுறதுக்குமா நீ நாள் பாப்ப?"

நான் குத்திக்காட்டத்தான் சொன்னேன். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது.

"அட ஆமாண்ணே! தலைக்குத் தெனமும் தடவலாம்ல!"

அவ்வளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே வேனுக்கு அடியில் போய்விட்டாள். ஆரஞ்சு பில்டர் கழன்று வந்தது. ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். ரப்பரும் இல்லை, ஒன்றும் இல்லை. புது பில்டருக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கொடுத்தேன். அதன் வாயில் இருக்கிற ரப்பர் வளையத்தில் ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும். அவள் இரண்டு விரலில் ஆயிலைத் தொட்டு, பிள்ளைக்கு உச்சந்தலையில் எண்ணெய் வைப்பதுபோல மெதுவாகச் சுற்றித் தடவினாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில்தான் போயிற்று.

ஆனால் சரியாகிவிட்டதா என்பது அப்போது தெரியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால்தான் தெரியும். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு தடவை அவ வேற கடைக்குப் போனதுக்கா இம்புட்டு வருத்தம்?" என்று இஷ்ரத் கேலி செய்தாள். விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். சிம்மக்கல்லில் இல்லாத பால் பழங்காநத்தத்தில் இருக்கிறதா என்று அவள் கேட்டதைக் காதில் வாங்காமல் வந்துவிட்டேன்.

அங்கே பேயாண்டியின் புது வேன் பளபளவென்று தயாராக நின்றது. பக்கத்தில் சாப்பாட்டுப் பைகளோடு டீச்சர்கள். இறுக்கமான முகத்தோடு முன்னால் நின்ற ஸ்யாமளா டீச்சர், "எடும்மா, பாப்போம்" என்றார்.

நாகஜோதி சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடினாள். சாவியைத் திருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, சட்டென்று அணைந்தது. கடகடவும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்லத்தாயி சீராக உறுமினாள்.

"அம்புட்டுத்தானா?" என்றார் மதுவந்தி டீச்சர். வாத்திச்சிகளில் அவர்தான் இளையவர்.

ஸ்யாமளா டீச்சர் தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு முன் கதவைத் திறந்து, தன் பையை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க பேயாண்டி" என்றார். "அட, டீ குடிக்க வந்தேன்னு வச்சுக்கிறேன் டீச்சர்" என்று அவன் வண்டியைத் திருப்பினான். தங்கமான பயல்.

நாகஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். "என்னண்ணே நிக்கிறீங்க? ஏறி உக்காருங்க, பைபாஸ் ரோட்டுல எறக்கிவிடுறேன்."

என் பைக் அங்கேயேதான் நின்றது. பைபாஸ் ரோட்டில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். இறங்கி, பைக்கை எடுக்கத் திரும்பவும் பழங்காநத்தத்துக்கு நடந்தேன். பால் வாங்க மறந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ஜும்ஆவுக்குப் போகுமுன் செல்லத்தாயி அளவு பில்டர் ஒன்றைப் பக்கத்துப் பூக்கடையில் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறேன். கடையில் ஒரு சிவப்பு ஸ்டூலும் போட்டிருக்கிறேன். தெருவில் போகிற வருகிற சோம்பேறிகள் எல்லாம் அதில் உட்கார்ந்து என் உயிரை எடுக்கிறார்கள். யாருக்காக வாங்கினேனோ அவள் மட்டும் இதுவரை உட்காரவில்லை.

"உக்காரு தாயி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.

"டீச்சருங்க காத்திருக்காங்கண்ணே, வாரேன்" என்று சாவியை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாள், தன் சீட்டுக்கு.