டீச்சர் வீட்டு நாலு மணி டீ

என் மனைவி யூனிஸுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது 1995-ல். எனக்கு அன்றோடு ஓய்வு போனது. ரிச்சர்ட்ஸ் டவுனில் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டவள், வீட்டில் சும்மா இருப்பாள் என்று நினைத்தது என் தப்பு. அவளிடம் படித்த ஒரு பெண், புருஷனிடம் அடி வாங்கி வீங்கிய முகத்தோடு வாசலில் வந்து நின்றாள். "கோர்ட்டுக்குத் தனியா போக பயமா இருக்கு டீச்சர்" என்றாள். யூனிஸ் கூடப் போனாள். அப்புறம் ஒவ்வொருத்தியோடும் போய்க்கொண்டே இருந்தாள்.

அவள் வக்கீல் இல்லை. குடும்பக் கோர்ட் வராந்தாவில் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் உட்காருவாள், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கென்று சில சட்டங்கள் உண்டு. புடவை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். "அழணும்னா அழு. வெறும் வயித்தோட அழாதே" என்பாள். அவள் பையில் சேஃப்டி பின், சீப்பு, குளுக்கோஸ் பிஸ்கட், ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று ஜெராக்ஸ் இருக்கும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகும் ஆள் கிளெமென்ட், அதாவது நான்.

1998-ல் வந்தவள் தனக்கோடி. மர்பி டவுன்காரி, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. புருஷன் நாகேஷ் பெயிண்ட் மேஸ்திரி. பதினோரு வருஷத்தில் அவளுடைய இடது கையை இரண்டு தடவை உடைத்திருந்தான். அவள் விவாகரத்து கேட்டு மனு போட்டிருந்தாள். ஜட்ஜ் விசாரிக்கும் முன்னால் கவுன்சிலிங் உண்டு. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று கவுன்சிலர் அம்மா அறிக்கை எழுதுவார்.

கன்னடத்து அம்மா, நல்லவர். வந்தவர்களுக்கெல்லாம் டீ வரவழைப்பார். அங்கேதான் வந்தது வினை. டீ வந்ததும் நாகேஷ் லேசாகத் தொண்டையைக் கனைத்தான். தனக்கோடி எழுந்தாள். ஒரு கிளாஸை எடுத்து, புடவைத் தலைப்பால் அடியைத் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள். கவுன்சிலர் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு பாசம் இருக்கே! ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும், அப்போதும் இப்படியே இருந்தால் ஒரே வீட்டில் வாழ்ந்து பார்க்கட்டும் என்று எழுதிவிடுவேன் என்றார்.

வெளியே வந்த தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் குடுக்கல டீச்சர், என் கை குடுத்துடுச்சு! அந்த வூட்டுக்குத் திரும்பிப் போனா என்னைப் பொணமாத்தான் தூக்கிட்டு வருவீங்க."

"நாளையிலேருந்து ட்யூட்டி முடிஞ்சதும் நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வா" என்றாள் யூனிஸ்.

மறுநாள் எங்கள் மேஜையில் மூன்று கப் டீ. நான்தான் நாகேஷ். என் வேலை கனைப்பது மட்டும். கனைத்தேன். அடுத்த நொடி கப் என் கையில் இருந்தது. "எழுந்திருக்காதே, உக்காரு" என்றாள் யூனிஸ். மறுபடி கனைத்தேன், மறுபடி டீ. முதல் நாள் மட்டும் நாலு கப் குடித்தேன். இந்தச் சமூக சேவை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் யூனிஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோ." ஒன்றாம் வகுப்பு வைத்தியம். தனக்கோடி அப்படியே வைத்துக்கொண்டு, நான் கனைக்கக் கனைக்கப் பல்லைக் கடித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "சார் மூஞ்சப் பாத்தா பாவமா இருக்கு டீச்சர்" என்று எழுந்து டீயைக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. தன் கப்பை மட்டும் எடுத்து நிதானமாகக் குடித்தாள். யூனிஸ் கைதட்டினாள். என் டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"ஏங்க, எதிர்லதானே இருக்கு, எடுத்துக் குடிங்களேன்."

"நாகேஷ் எடுக்கமாட்டானே" என்று சமாளித்தேன். உண்மை என்னவென்றால், எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது கவுன்சிலிங் நாள். யூனிஸும் நானும் வெளியே பெஞ்சில். கதவு திறந்தே இருந்தது. டீ வந்தது. நாகேஷ் கனைத்தான். தனக்கோடியின் கைகள் தொடைக்கு அடியில். இன்னும் பலமாகக் கனைத்தான். அவள் வலது கையை வெளியே எடுத்தாள். யூனிஸ் நகம் பதிய என் மணிக்கட்டைப் பிடித்தாள். தனக்கோடி தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"ஏய், எனக்குக் குடுக்காம நீ குடிக்கிறியாடி?"

நாகேஷ் கையை ஓங்கிவிட்டான். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டான். தனக்கோடி சட்டென்று இடது கையை முகத்துக்குக் குறுக்கே மடக்கினாள். கோணலாக ஒட்டிய கை. அது எழுந்த வேகத்தை நான் பார்த்தேன். கவுன்சிலர் அம்மாவும் பார்த்தார்.

"கை இல்வேனப்பா நினகெ?" என்றார். உனக்குக் கை இல்லையாப்பா என்று அர்த்தம். அவன் கையை இறக்கினான். அவர் பேனாவைத் திறந்து, சேர்ந்து வாழ வழியில்லை என்று எழுதினார். தனக்கோடி மிச்ச டீயையும் சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். "சக்கரை கம்மி டீச்சர்" என்றாள். கோர்ட் என்றும் பார்க்காமல் மூன்று பேரும் சிரித்தோம்.

தீர்ப்பு வர மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. 2000-ல் ஒரு நாள், சரியாக நாலு மணிக்கு, தீர்ப்பு நகலோடும் ஒரு டப்பா மைசூர்பாகோடும் வந்து நின்றாள். யூனிஸ் டீ போட எழுந்தாள். "நீ உட்கார்" என்றேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், எங்கள் வீட்டில் டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. தேடிப்பிடித்து, பாதிப் பாலைப் பொங்கவிட்டு, ஒருவழியாக மூன்று கப்பைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன்.

என்னைப் பார்த்ததும் யூனிஸ் பதறிப்போய் எழுந்தாள், தட்டை வாங்க. தனக்கோடி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க டீச்சர். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கங்க."

யூனிஸ் வைத்துக்கொண்டாள். நான் கப்பை அவள் முன்னால் வைத்தேன்.