மூன்று விரல்களின் வேலை

அன்று தலைமையாசிரியர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். தலைமையாசிரியர், எங்கள் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருத்தி, எட்டாம் வகுப்பில் படித்த அவள் மகள், அப்புறம் நான். வராதவர் அந்தப் பெண்ணின் அப்பா. நெல்லாகத் தரும் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்ட தகராறில், வெளியூர் ஆட்களை வயலில் இறங்கவிடாமல் மறித்தார் என்று வழக்குப் போட்டு, ஆவணியிலேயே அவரைத் திருச்சிச் சிறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "அவுங்க பேசுறது எனக்குப் புரியாது தம்பி, நீ கூட வந்து நில்லு" என்று அக்கா கூப்பிட்டாள், போனேன். எங்கள் தெருவில் பத்தாவது தேறியவன் நான் ஒருவன்தான். தெருவின் மனுக்களை எழுதுவதும், கட்சிப் படிப்பகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும் என் பொறுப்பு. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம்.

தலைமையாசிரியர் காலாண்டுப் பரீட்சைத் தாளை மேசைமேல் விரித்தார். விடுமுறைக்குப் பிறகு எழுதிய நோட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

"பாரும்மா. பரீட்சையில எழுதினது இது, லீவு முடிஞ்சு வந்து எழுதினது இது. கோழி கிண்டுன மாதிரி இருக்கு. இத ஒரே பொண்ணு எழுதுச்சுன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டையும் குனிந்து பார்த்தாள்.

"இங்க எட்டோட சரி. முழுப்பரீட்சையில தேறினா நீடாமங்கலத்துல ஒன்பதாவது, ஹாஸ்டல்ல இடம். நானே எழுதிக் குடுக்கிறேன். தேறலன்னா?"

"தேறலன்னா திரும்ப ஒரு வருசம் எங்கேருந்துங்க ஐயா அனுப்புறது? அவுங்கப்பாவும் இல்ல. நடவுக்குத்தான் வரணும்."

அந்தப் பெண் கைகளைத் தாவணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள். பயம் என்று நினைத்தேன்.

"நான் சரி பண்ணிடுறேங்க ஐயா" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

கையெழுத்து விஷயத்தில் எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லவேண்டும். என் எழுத்து நன்றாக இருக்கும். தாலுகா ஆபீசில் ஒரு முறை என் மனுவைப் பார்த்த குமாஸ்தா, "இத எழுதினது யாரு? நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த "நீயா"வில் இருந்த இளக்காரத்தை விட்டுவிட்டு, பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் நான். நல்ல எழுத்து என்பது நல்ல புத்தி, மோசமான எழுத்து என்பது சோம்பல். அப்படித்தான் நம்பினேன்.

ஆகவே நாலு கோடு நோட்டு ஒன்று வாங்கி வந்து, தினம் இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். பத்து நாள் கழித்தும் எழுத்து தேறவில்லை. நாலு பக்கமாக்கினேன். அவள் பென்சிலை உலக்கையைப் பிடிப்பதுபோல நாலு விரலையும் சுற்றிப் பிடித்தாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது, முனை ஒடிந்தது. 'ண'வுக்குச் சுழி போதாது, 'ழ'வுக்கு வால் இருக்காது. மூன்றாவது வரிக்கு மேல் எழுத்தெல்லாம் கோட்டைவிட்டுக் கீழே இறங்கும்.

"கை கடுக்குதுண்ணே" என்றாள் ஒரு நாள்.

"எழுத எழுதத்தான் சரியாகும். எனக்கும் கடுத்துச்சு" என்றேன்.

அதன்பிறகு அவள் சொல்லவே இல்லை.

ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம் என் அம்மா படிப்பகத்துக்கு வந்தாள், வீட்டுச் சாவியை வாங்கிப் போக. படிப்பகத்துக்குள் அவள் வருவதே அபூர்வம். தலைவர்கள் படத்தையும் பத்திரிகைக் கட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் எழுதுவதைப் பார்த்து நின்றாள். பிறகு உட்கார்ந்து, அவள் வலது கையைப் பிடித்து, பெருவிரலின் அடியில் அழுத்தினாள். அந்தப் பெண் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா நடவுக்குப் போற?"

"கால் பரிச்ச லீவு பூரா போனேன் சின்னம்மா. இப்ப சனி, ஞாயிறு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவள நாலு பக்கம் எழுதச் சொன்னவரு நீங்கதானா சாரு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"பெருவெரலு, ஆள்காட்டி, நடுவெரலு. இந்த மூணுலதான்டா நாத்தப் புடிச்சு சேத்துல அழுத்தணும். காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் அதே மூணு வெரலு. அந்த மூணு வெரலத்தான் நீ பென்சிலு புடிக்கவும் கேக்குற. அது எங்கேருந்து வரும்? அதான் புள்ள முழுக்கையால புடிக்குது."

நான் என் விரல்களைப் பார்த்தேன்.

"ஒனக்கு எங்க தெரியும்? வரப்புல உக்காந்து புத்தகம் படிச்ச ஆளுல்ல நீ. நான்தான் ஒன்னய எறங்க விடலியே."

அவள் தன் கையையும் நீட்டினாள். பெருவிரல் உள்பக்கமாக மடங்கி இருந்தது. நிமிர்த்திக் காட்ட முயன்றாள், முழுதாக நிமிரவில்லை. அந்தக் கையால் அவள் போட்ட சோற்றை இருபது வருடமாகச் சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "எங்கம்மாவுக்கு ஆர்வம் இல்ல, கைநாட்டே போதும்னுட்டா" என்று சினேகிதர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பெண்ணை நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பெருவிரலை அசைத்துப் பார்த்துவிட்டு, "கைக்கு வேலை குடுக்காதீங்க, அதான் மருந்து" என்றார். நான் அதை அப்படியே அக்காவிடம் வந்து சொன்னேன். இரண்டாம் போகமான தாளடியில் மீதி நடவுக்கும் வேண்டாம், தை அறுப்புக்கும் வேண்டாம், அரிவாள் பிடித்தால் மறுபடி வீங்கிவிடும் என்றேன்.

"அறுப்புக்கு ஜோடி வேணும் தம்பி. நான் அறுத்துப் போட்டா கட்டித் தூக்க ஒரு ஆளு வேணும். அவுங்கப்பா இருந்தா அவரு தூக்குவாரு. இவளும் இல்லன்னா ஒத்தப் பொம்பளய எந்த செட்டுல சேப்பாங்க?"

கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று அளந்து வரும் அறுப்புக் கூலிதான் எங்கள் தெருவில் வருடத்தின் பாதிச் சோறு. அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும், "ஒரு போகந்தானே அக்கா, பொண்ணு படிப்ப நெனச்சுப் பாருங்க" என்றேன். மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டுக் கேட்டு அப்படிப் பேச வந்திருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "படிச்சவன் சொல்ற. சரி" என்றாள்.

அதன்பிறகு நான் சரியாகத்தான் செய்தேன் என்று இன்றும் நினைக்கிறேன், ஒன்றைத் தவிர. நாலு கோடு நோட்டை மூட்டை கட்டினேன். ஒரு மாதம் அவள் பென்சிலையே தொடவில்லை. பாடத்தை வாயால் சொல்வாள், நான் எழுதுவேன். பிறகு வெண்ணாற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, தோளிலிருந்து முழுக்கையையும் வீசி எழுத்துகளைப் பெரிதாக எழுதச் சொன்னேன். அப்புறம் பலகை. பென்சிலில் பழைய வேட்டித் துணியைத் தடிமனாகச் சுற்றி, மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன். அழுத்தினால் அடித்தாளில் தடம் விழும், தடம் விழாமல் எழுது என்றேன். களத்திலிருந்து திரும்பும் பெண்கள் வாசலில் நின்று, "எழுத்துக்கு வைத்தியம் பாக்குற டாக்டரு இவருதான். ஊசி எல்லாம் போடுவீங்களா சாரு?" என்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஒரு விதியில் கண்டிப்பாக இருந்தேன். பத்து வரி எழுதினால் பென்சிலை வைத்துவிட வேண்டும். கையை மடியில் தளர்த்திப் போட்டு, நிதானமாக நூறு வரை எண்ண வேண்டும்.

"நூறு எண்ணுறதுக்குள்ள தூக்கம் வருதுண்ணே."

"தூங்கினாலும் பரவாயில்ல. எண்ணாம எழுதக்கூடாது."

மாசியில் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. 'ழ'வுக்கு வால் வந்தது. தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டி, "பரவால்லயே, ஆளு மாறிப்போச்சு" என்றார். அந்தத் தை முழுவதும் அக்கா அறுப்புக்குப் போகவில்லை. அறுத்த வயல்களில் உதிர்ந்து கிடந்த கதிரைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே வந்தால் நான்தான் முதலில் பார்வையைத் திருப்புவேன்.

முழுப்பரீட்சையின் மூன்றாம் நாள், சமூகப் பாடம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்றால் ஜன்னல் வழியாக அவள் தெரிவாள். தலையைக் குனிந்து நன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை வைத்தாள். கையை மடியில் போட்டாள். பக்கத்தில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, இவள் நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது.

முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை விளங்கியது. கூப்பிட முடியாது. கையை ஆட்டினேன், அவள் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை ஒவ்வொரு பத்து வரிக்கும் அவள் நூறு எண்ணினாள்.

வெளியே வந்ததும், "ஏன் பாப்பா எழுதாம உக்காந்திருந்த?" என்று கேட்டேன்.

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க."

"எத்தனை கேள்வி விட்டுப்போச்சு?"

"இதுல நாலு."

"தமிழ்ல?"

"அஞ்சு." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "கையி வலிக்கவே இல்லண்ணே" என்றாள்.

தமிழிலும் சமூகப் பாடத்திலும் தேறவில்லை. தலைமையாசிரியரிடம் போய், தப்பு என்னுடையது, பரீட்சையில் எண்ணவேண்டாம் என்று நான் சொல்லாமல் விட்டேன் என்றேன். அவர் விடைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு அடித்தல் இல்லை. அழகான எழுத்து.

"எழுதின வரைக்கும் எல்லாம் சரி. எழுதாததுக்கு எப்படிப்பா மார்க் போடுறது? நீ மனு எழுதினா தாசில்தாரு காத்திருப்பாரு. பரீட்சை காத்திருக்காது."

ஆனியில் முதல் போகமான குறுவை நடவு தொடங்கியது. அவளும் அம்மாவோடு வரிசையில் நின்றாள். அப்பா அப்போதும் வந்திருக்கவில்லை. எனக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்த கடிதம் அந்த வாரம்தான் வந்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு வாய்க்கால் கரையில் அக்காவைப் பார்த்து, என் பேச்சைக் கேட்டு அந்தப் போகத்தில் எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். கேட்டு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"தாளடி நடவுல அவ கூலி மூணு மரக்கா. அறுப்புல ரெண்டு பேருக்குமா அஞ்சு கலம். அஞ்சு கலம், மூணு மரக்கா நெல்லு தம்பி."