முன்னேராளர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைவிட வேகமாகப் பெருமை வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில், சிவன் கோயில் சுவரில் இருந்த கல்வெட்டைக் காகிதத்தில் மைப்படி எடுத்து வந்து படித்தபோது ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. 'முன்னேராளர்.' அவர்கள் பரிவட்டம் பெறக் கடவர் என்றிருந்தது. எந்த அகராதியிலும் அந்தச் சொல் இல்லை.

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை அந்த ஊரிலேயே கிடைத்தது. சித்திரையில் நல்லேர் பூட்டும் நாளன்று ஒரு வீட்டு ஏர்தான் முன்னால் போகும். மற்ற ஏர்கள் அதன் பின்னால். முன்னேர் ஓட்டுகிறவர் முன்னேராளர். வேறென்ன? அன்றைக்கே பஸ் பிடித்து அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். "மொதப் பரிவட்டம் ஒங்க குடும்பத்துக்குத்தான். கல்லுலயே வெட்டியிருக்கு" என்றேன். அதிகம் பேசாத மனிதர். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பரிவட்டம் கட்டிவந்தது, அந்தக் கோயிலைத் திருப்பணி செய்த நகரத்தார் குடும்பம். அவர்களிடமே போய்க் கேட்டுவிட்டார். ஊர் இரண்டுபட்டது. கடைசியில் ஒரு காலை, கோயில் மண்டபத்தில் கூட்டம். நான் கல்லைப் படித்துக் காட்ட வேண்டும்.

ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டேன். குடமுழுக்குக்காக, எழுத்தைச் சுற்றி அப்பியிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டியிருந்தார்கள். கல்லின் மூலையில் நான் அதுவரை பார்க்காத சிறு வெட்டு: ௭. அடுத்த கல்லில் ௯. ஏழாம் கல் 'முன்னே' என்று முடிந்தது; ஒன்பதாம் கல் 'ராளர்' என்று தொடங்கியது.

இந்தப் பக்கத்துத் திருப்பணிகளில் பழைய சுவரைப் பிரிக்கும்போது, திரும்ப அதே வரிசையில் அடுக்குவதற்காகக் கல்லுக்குக் கல் எண் வெட்டி வைப்பார்கள். திரும்ப அடுக்கியபோது யாரோ எட்டாம் கல்லை விட்டுவிட்டார்கள். பிராகாரத்தைச் சுற்றி ஓடினேன். மடைப்பள்ளிச் சுவரில் புகை படிந்து இருந்தது எட்டாம் கல். முந்தானையால் துடைத்துப் படித்தேன். 'நின்றெரியும் விளக்கு' என்று தொடங்கி 'ஊ' என்று முடிந்தது. முன்னே நின்றெரியும் விளக்கு. பரிவட்டம் பெறக் கடவர் ஊராளர், அதாவது ஊர்ச்சபையார். முன்னேராளர் என்று ஒரு சொல்லே கிடையாது.

மண்டபத்தில் முன்னேர் வீட்டுக்காரர் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டால் எட்டாம் கல்லை யார் தேடப் போகிறார்கள்? எழுந்து நின்றபோதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை.

"சொல்லுங்க டீச்சர், என்ன போட்டிருக்கு?" என்றார் நகரத்தார் குடும்பத்துப் பெரியவர்.

"நான் படிச்சது தப்பு" என்றேன். எல்லோரையும் மடைப்பள்ளிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். யாரோ சிரித்தார்கள். ஊர்ச்சபை என்று இப்போது ஏதும் இல்லாததால், பரிவட்டம் பழையபடியே என்று முடிவானது.

உண்மையைச் சொல்லிவிட்டோம் என்ற பெருமை எனக்குள் கொஞ்சம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பஸ்ஸுக்கு நின்றபோது முன்னேர் வீட்டுக்காரர் வந்தார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"தப்புன்னு சொன்னீக, அது சரிதான்" என்றார். "இனி இந்த ஊர்ல என் ஏருக்குப் பின்னால எவன் வருவான்? இருந்த மரியாதையும் போச்சு. பரிவட்டம் வேணும்னு நானா டீச்சர் ஒங்ககிட்ட வந்து கேட்டேன்?"