வாப்பாவின் துபாய் வீடு

கதவைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. வாப்பாவுக்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. தலையில் வைத்தால் மூன்று நாள் தும்மல்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. மேலகரத்திலிருந்து உம்மாவும் நானும் ஒரு மாத ‘விசிட்’டில் துபாய்க்கு வந்து இறங்கியிருந்தோம். உம்மா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

வாப்பா பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுச் சாயா போடப் போனவர், சீனியைத் தேடி நான்கு அலமாரிகளைத் திறந்தார்.

“ஏங்க, உங்க வீட்டுச் சீனி எங்கன இருக்குன்னு உங்களுக்கே தெரியலையா?” என்றாள் உம்மா.

“பழைய டப்பா ஒடைஞ்சு போச்சு” என்றார். அதை நானே நம்பவில்லை. கட்டிலுக்கடியில் என் காலைவிடச் சின்னதாக ஒரு ஜோடி ரோஸ் நிறச் செருப்பு கிடந்ததை நான் பார்த்துவிட்டிருந்தேன். வெளிநாட்டில் பிழைக்கும் ‘சபராளி’ ஆண்கள் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்வதைப் பற்றி எங்கள் தெருப் பெண்கள் குசுகுசுத்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பத்து நாள் ஊர் சுற்றினோம். கண்ணாடிக் கட்டடங்கள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபடி வெயிலைத் திருப்பியடித்தன. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு பிள்ளையை ஒளித்துவைப்பது வாப்பாவுக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் எனக்குத் தோன்றியது. ரோட்டைக் கடக்க அவர் நீட்டிய கையை நான் பிடிக்கவேயில்லை.

பதினோராம் நாள் கடைத்தெருவில் ஒரு புளியங்குடிக்காரர் எதிரே வந்தார். “அண்ணாச்சி, நீங்க இல்லாம ரூமே வெறிச்சுன்னு கெடக்கு. ஒங்க கட்டிலு சும்மாதான் கெடக்கு, எப்ப வருதிய?”

“எந்த ரூமு?” என்றாள் உம்மா.

வாப்பா கையை நீட்டிக் காட்டினார். எதிரே ஒரு ஒர்க்ஷாப், அதன் மாடியில் ஒரே ஒரு ஜன்னல். பத்துப் பேர், அடுக்குக் கட்டில். நாங்கள் தங்கியிருந்தது, கூட வேலைபார்க்கும் மலையாளி ஒருவரின் வீடு. அவர் குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போகவும் சாவியை இவரிடம் கொடுத்திருக்கிறார்.

“தனி வீடுன்னு எழுதிட்டேன். பொறவு எப்படி மாத்திச் சொல்லுவேன்?”

“இதுக்கா இத்தன நாளும் என்னப் போட்டு வேக வச்சிய?” உம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, ஊர்ல போயி வாயத் தொறந்தேன்னா பாரு.”

மேலகரம் திரும்பியதும் அந்த வீட்டை அக்கம்பக்கத்தாரிடம் அவளே அளந்தாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அதில் ஓர் அறை கூடிக்கொண்டே போனது.

போன வருடம் வேலையாகத் துபாய்க்குப் போயிருந்தேன். ஒர்க்ஷாப்பும் மாடியும் இல்லை, அங்கே ஒரு ஹோட்டல் நிற்கிறது. வாப்பா இறந்து ஆறு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோன அந்த மனிதர், மகளோடு இருக்க இரவல் வீடு தேடிப் பிடித்த ஒரு மாதத்தில், பத்து நாள் அவரைக் கள்ளனாகத்தான் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். கடைசிவரை சொல்லவில்லை.