கம்ப்யூட்டருக்குப் பூக் கேட்ட நாள்

எங்கள் வீட்டில் அம்மனைக் கேட்காமல் எதுவும் நடக்காது. போர்வெல் போடும் இடத்துக்குப் பூக் கேட்டிருக்கிறார்கள், புதுக் கொட்டகையின் வாசலுக்குக் கேட்டிருக்கிறார்கள், அத்தைக்கு வந்த வரனுக்கு மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டுப் பொட்டலத்தில் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து எந்தப் புரோகிராமை எடுத்துவிடுவது என்று பூக் கேட்ட குடும்பம் ராசிபுரம் வட்டாரத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அன்றைக்குப் பொட்டலத்தை எடுத்த சின்னப் பிள்ளை நான். எனக்குப் பத்து வயது.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். சேர்ந்து என்றால் பண்ணை மட்டும்தான் சேர்ந்திருந்தது. அந்தக் கோடையில் அனல் காற்று உள்ளே வரக்கூடாது என்று சித்தப்பா கொட்டகையைச் சுற்றிலும் சாக்குப் படுதாவை இறக்கிவிட்டுப் போனார். கரண்ட் போய் மின்விசிறி நின்று, புழுக்கத்தில் ஒரு வரிசைக் கோழிகள் மொத்தமும் செத்துப்போயின. வேலையாட்கள் முன்னால் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார், உன்னை நம்பினது என் தப்பு என்று. அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இனி ஒரு தப்பு நடந்தால் நடுவில் சுவர்தான் என்று அம்மா அத்தையிடம் போனில் சொன்னதை நான் கேட்டேன். சுவர் வந்தால் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகும் என்று தரையில் கோடு போட்டுப் போட்டுப் பார்ப்பேன்.

தீவன அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் தூள் எவ்வளவு என்று கோழியின் வயதுக்குத் தக்கபடி கலவையைச் சொல்லும் புரோகிராம் அதில்தான் ஓடியது. அது வரவர நத்தையாகிவிட்டது. காலையில் அழுத்திவிட்டுப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் திரையில் அந்த மணல் கடிகாரமே சுற்றிக்கொண்டிருக்கும். கண்ட கண்ட புரோகிராம் அடைத்துக்கொண்டிருக்கிறது, வேண்டாததை எடுத்தால் வேகம் வந்துவிடும் என்று சித்தப்பா கண்டுபிடித்தார். கண்டுபிடித்து என்ன செய்ய, அதை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் அந்த அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நடுவில் நின்றாள். திரையில் புரோகிராம் பட்டியல் நீளமாக ஓடியது.

"இத எடுத்துப்போட்டா வேகமாயிருமுன்னு சொல்லுங்க அண்ணி" என்றார் சித்தப்பா.

"எடுத்தா தீவனக் கலவை ஓடுமான்னு கேளு புள்ள" என்றார் அப்பா.

இரண்டு முழத் தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அம்மா தபால் கொண்டுபோனாள். எப்போதோ தூக்கிப் போட்ட பிரிண்டரின் புரோகிராம் போனது. யாரும் கேட்காமலே வந்து குடியேறியிருந்த நாலைந்து போயின. அதற்குமேல் நகரவில்லை. சித்தப்பா எடு என்றால் அப்பா வை என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அம்மா சொன்னாள்: "ஏனுங்க, பேசாம பூவக் கேட்டுருங்க."

பூக் கேட்பது கோயிலில்தான். கம்ப்யூட்டரைக் கோயிலுக்குத் தூக்கிப்போக முடியாததால் வீட்டிலிருந்த அம்மன் படம் தீவன அறைக்கு வந்து மானிட்டரின் மேல் ஏறிக்கொண்டது. அம்மா பூவைக் காகிதத்தில் மடித்துக் குலுக்கிப் போட்டாள். முதலில் ஏதோ போட்டோ புரோகிராமுக்குக் கேட்டார்கள். நான் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. எடுத்துவிட்டார்கள்.

அம்மா பொட்டலங்களைத் திரும்ப மடிக்கையில் நான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளைப் பூ காலையில் பூஜைக்கு வைத்து வாடியது, செவ்வரளி அப்போதுதான் பறித்தது. செவ்வரளி இருந்த காகிதத்தில் பால் கசிந்து ஒரு ஈரப் புள்ளி தெரிந்தது.

அடுத்து என் கார் விளையாட்டின் முறை. இடத்தை அடைக்கிறதே அதுதான் என்றார் சித்தப்பா. நான் ஈரப் புள்ளியை எடுத்தேன். சிவப்பு. கார் பிழைத்தது. அம்மனுக்குக் காரின் மேல் இவ்வளவு பிரியமா என்று சித்தப்பா வாய்க்குள் முனகினார். படத்தில் அம்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பட்டியலிலேயே பெரியது ஒன்று வந்தது. பெயர் ஒரு வரி நீளம். கலவைப் புரோகிராமைப் போட்டுக்கொடுத்தவரே அன்றைக்கு அதையும் போட்டார், தொடாதே என்பது அப்பாவின் கட்சி. ஒரு நாளும் திறக்காத புரோகிராம் எதற்கு என்பது சித்தப்பாவின் கட்சி. எனக்கு ஒரே கணக்குத்தான். இது போகாவிட்டால் வேகம் வராது, மறுபடியும் என் காரிடம் வருவார்கள். ஈரமில்லாத பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளை. எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் ஒரு நிமிஷத்தில் எழுந்து நின்றது. அந்தக் கோடைக்குப் பிறகு சித்தப்பா முதன்முறையாகச் சிரித்தார். பிறகு கலவைப் புரோகிராமை அழுத்தினார். சின்னதாக ஒரு கட்டம் வந்தது. எதையோ காணவில்லை என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. திரும்ப அழுத்தினார். திரும்பவும் அதே கட்டம். ஐந்தாவது தடவைக்குப் பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அப்பா எழுந்தார். கோடையில் சொன்ன வார்த்தையை இப்போது சொல்லப்போகிறார் என்று நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அம்மன் படத்தையே பார்த்தார். "ஆத்தா சொல்லி எடுத்தது. நாம என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொட்டியில் இரண்டு நாளைக்குத்தான் தீவனம் இருந்தது. ஒரு கொட்டகைக் கோழிகள் அந்த வாரம்தான் முட்டைப் பருவத்துக்கு வந்திருந்தன. அவற்றுக்குப் புதுக் கலவை போட வேண்டும், அளவு தெரிந்த ஒரே ஆள் கம்ப்யூட்டர். அளவு தப்பினால் ஓடில்லாத முட்டை விழும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் முழுக்கக் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பத்தாயிரம் கோழிகளும் என்னைப் பார்த்தே கொக்கரித்தன. அவற்றுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றே நம்பினேன்.

மறுநாள் காலை மூன்றாவது வரிசையில் ஓடில்லாமல் ஒரு தோல் முட்டை கிடந்தது. எந்தப் பண்ணையிலும் தினம் இரண்டு கிடக்கும், நானே பலமுறை பொறுக்கியிருக்கிறேன். அன்றைக்கு அது அம்மன் எனக்குப் போட்டு வைத்தது. கையில் எடுத்ததும் கொழகொழவென்று அமுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடி, ஈரப் புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா முட்டைத் தட்டைக் கீழே வைத்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள்.

"ஆருகிட்டயும் சொல்லாத சாமி. அப்பாகிட்டயும் சொல்லாத, சித்தப்பாகிட்டயும் சொல்லாத. அது ஆத்தா குடுத்த பூவு."

"நாந்தாம்மா எடுத்தேன்."

"ஆத்தா குடுத்த பூவு" என்றாள் மறுபடியும். என் முதுகைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் சித்தப்பா பைக்கை வெளியே தள்ளினார். புரோகிராம் போட்டுக்கொடுத்தவர் இப்போது சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் கடை வைத்திருப்பதாக விசாரித்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் கொண்டுபோனால் நெரிசலில் அடிபடும், வண்டியில் போனால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அப்பா கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி எடுத்துவந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார். பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையைத் தம்பியின் தோளில் போட்டார்.

"பள்ளம் பாத்துப் போடா" என்றார்.

"சரிங்ண்ணா" என்றார் சித்தப்பா.

வண்டி தார் ரோட்டில் ஏறி மறையும்வரை அம்மா முற்றத்திலேயே நின்றாள். திரும்பியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோழிகளை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணி, தொட்டியில் இன்னும் ஒரு நாளைக்குத் தீவனம் இருக்கிறதென்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.