பிரேக் மிதிக்க ஒரு கால்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆவடி சேக்காட்டில் நான் குடியிருக்கும் காம்பவுண்டில் அப்போது இருந்தது இரண்டே பேர். கீழே நான், மாடியில், ஐ.டி. வேலைக்காக மதுரைப் பக்கமிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பெண்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறேன். பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்ததை நானே சரி செய்திருந்தேன். ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதால், மிதித்தால் பிரேக் பஞ்சு மாதிரி உள்ளே போனது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எப்போதும் மிதிக்கும் என் மனைவி வேப்பம்பட்டில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். மெக்கானிக் கடை லீவு. விடிந்தால் பிள்ளைகள் ஏறுவார்கள்.

சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். ஓடிப்போய் நிப்பிளைத் திறந்ததும் பிரேக் தாழ்ந்து கட்டை விழும். நான் மூடுவதற்குள் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மறுபடி கட்டை, மறுபடி ஓட்டம். முதுகு விட்டுப்போயிற்று. மாடிப் பெண்ணைக் கூப்பிட வாய் வரவில்லை. வேன் புகை பற்றி ஹவுஸ் ஓனரிடம் அவர் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

கடைசியில் அவரே இறங்கி வந்தார், காதில் ஹெட்செட்டோடு. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"இன்னும் எத்தன தடவண்ணே அந்தக் கட்டையப் போடுவீங்க? மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குது."

விஷயத்தைச் சொன்னேன். வேனை ஒரு பார்வை பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"அமுக்குமா. புட்ச்சிக்கோ. நான் சொல்றவரிக்கும் காலை எடுக்காத," என்றேன் சக்கரத்தடியிலிருந்து.

பிடித்தபடியே மீட்டிங்கில் இங்கிலீஷில் பேசினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை; அவருக்கும் குரல் களைத்துத்தான் இருந்தது. நான் கத்தியது அங்கேயும் கேட்டிருக்கும் போல, திடீரென்று சிரித்தார்.

"அண்ணே, காலை எடுக்கலாமான்னு எங்க மேனேஜர் கேக்குறாரு."

"எட்த்தா மறுபடி மொதல்லேர்ந்துன்னு அவராண்ட சொல்லுமா."

பல தடவை திறந்து மூடியபின், ஆயிலோடு வந்த குமிழி நின்று வெறும் ஆயில் வந்தது. பிரேக் கல்லு மாதிரி நின்றது. அப்படியும் நம்பாமல், காலி மைதானத்தில் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் மாடிக்குப் போயிருந்தார்.

இன்றும் முதல் பிள்ளை ஏறுவதற்கு முன் பிரேக்கை அமுக்கிப் பார்க்கிறேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டையைத் தேடி ஓடுவதற்கு முன், மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுக்கலாம் என்பது தெரிந்திருக்கிறது.