விலாங்குக்கு ஊற்றிய ஆத்தூர் தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்போடு மண்டபம் கடற்கரைக்குப் போனபோது, வலையில் சிக்கி வந்த பவளக்கல் ஒன்றின் பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கடல் விலாங்கு! விரல் பருமன், வெள்ளை உடம்பில் பூப்பூவாய்க் கறுப்புத் திட்டுகள், மஞ்சள் மூக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லோடு வாளியில் போட்டு, கடல் தண்ணீரை ஊற்றி, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் கல்லூரியில் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கி ஓடி வந்தால், வாசலில் அம்மா சிரித்த முகமாக நின்றாள்.

"நீ போனதுல இருந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. தாகம்டி அதுக்கு. அந்தக் கரிப்புத் தண்ணியக் கொட்டிட்டு ஆத்தூர் தண்ணி ஊத்திருக்கேன்."

எங்கள் தெரு அடிகுழாயில் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆத்தூர் அணைத் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருப்போம். வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைத்தான் மொண்டு கொடுப்போம். அந்தத் தண்ணீரில் என் விலாங்கு துவண்டு கிடந்தது.

"ஐயோ அம்மா, அது மூச்சு விடுற விதம்மா! கடல் மீனுக்கு நல்ல தண்ணி ஆகாதும்மா!" என்று கத்தினேன்.

அம்மா அடுப்படிக்கு ஓடினாள். உப்பு ஜாடியோடு வந்து, அடிகுழாய்த் தண்ணீரில் கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கடலு எம்புட்டுடி கரிக்கும்? நான் எங்க பாத்தேன்?"

நானும் நக்கிப் பார்த்து, "போடு, இன்னும் போடு" என்றேன். விலாங்கைக் கல்லோடு அதில் இறக்கினோம். கொஞ்ச நேரம் அசைவே இல்லை. பிறகு வால் சுருண்டது. வாய் திறந்தது, மூடியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஜாடி உருண்டு உடைந்ததை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் அடுப்படி உப்பை நம்பி அதை எத்தனை நேரம் வைத்திருப்பது? தொட்டியாவது ஒன்றாவது, கடலிலேயே விட்டுவிடலாம் என்று வாளியைத் தூக்கினேன். "நானும் வாரேன்" என்று அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீரில் காற்றுப் படட்டும் என்று மதுரை, ராமநாதபுரம் தாண்டியும் டம்ளரில் மொண்டு மொண்டு, டீ ஆற்றுவதுபோல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா அது, பாம்பா?" என்றார்.

"விருந்தாளி" என்றாள் அம்மா.

மண்டபத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பவளக்கற்கள் கிடந்த ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறக்கினேன். விலாங்கு பொந்தை விட்டு வெளியே வந்து, நெளிந்து, பெரிய கல் ஒன்றின் அடியில் புகுந்தது. சந்தோஷத்தில் கூச்சல் போட்டேன்.

திரும்பினால், அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று முதல்முதலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"ஏண்டி, இன்னும் ரெண்டு கை போட்டிருக்கணும்டி. பாவம், உப்புப் பத்தாமலே இம்புட்டுத் தூரம் வந்திருக்கு."